ரிட்டர்ன் லோடு

காலி லாரி வருவதைக் கண்ணால் பார்க்கவே வேண்டாம். பின்கதவின் சங்கிலியும் கொக்கியும் பலகையில் மோதி மோதி, தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு உலுக்கியதுபோலக் கேட்கும். லோடு ஏற்றிய வண்டி அப்படிக் கத்தாது, முனகும். அம்பத்தூரில் மாமா வீட்டு மொட்டைமாடியில் படுத்துத் தூங்கிய பள்ளி விடுமுறைகளில் இந்த இரண்டு சத்தங்களையும் பிரித்துச் சொல்வது எனக்கும் மாமா மகனுக்கும் ஒரு விளையாட்டு. தோற்றவன் மறுநாள் தன் பங்கு பொறையை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்குள் எவ்வளவு டீசல் எரிகிறது, எவ்வளவு கரியமில வாயு மேலே போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு முப்பது வருடம் ஆயிற்று.

தை மாதத்தில் ஒரு நாளை அதற்கென்று ஒதுக்கினேன். பாடியில் தொடங்கி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வழியாக மப்பேடு வரை சரக்கின் பின்னாலேயே போவது. என்னிடம் வண்டி கிடையாது. ரயில், யார் லாரியிலாவது இடம், பிறகு பேருந்து என்று போக வேண்டியதுதான்.

இந்தப் பக்கம் சக்கரத்தால் பிழைத்த பக்கம். பாடியில் வீல்ஸ் இந்தியா லாரிக்குச் சக்கரம் செய்தது, பிரேக்ஸ் இந்தியா பிரேக் செய்தது. அம்பத்தூரில், மாமா வேலை பார்த்த டன்லப் டயர் செய்தது. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனியின் ஹெர்குலிஸ் ஏறாத ஊர் தமிழ்நாட்டில் இருந்திருக்காது. ஆவடியில் டாங்கி. உலகத்தில் எதையாவது உருட்ட வேண்டுமென்றால் எம்.டி.எச். சாலையில் பத்து கிலோமீட்டருக்குள் எல்லா உறுப்பும் கிடைத்துவிடும். ஆனாலும் அந்தச் சாலையில் காலை ஏழு மணிக்கு எதுவும் உருளாது. பாடி மேம்பாலத்துக்குக் கீழே ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வில்லிவாக்கம் ரயில் நிலையத்துக்கு நடந்தேன்.

வில்லிவாக்கம் நிலையத்தைச் சும்மா கடந்துபோக என்னால் முடிவதில்லை. 2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து தண்ணீர் ரயில் வந்து நின்றது இங்கேதான். ஐம்பது டேங்கர் வேகன்கள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 50,000 லிட்டர், மொத்தம் 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு வரவேற்றார்கள். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்கு அங்கிருந்து குழாய் போனது. வறட்சியின் கொடுமையைத்தான் எல்லோரும் எழுதினோம். அந்த ரயிலில் இன்னொரு கணக்கும் இருந்ததை நான் கவனிக்கவில்லை. தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் இதே தண்ணீரைக் கொண்டுவர 208 நடை வேண்டும், அதுவும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். திரும்பிப் போகும்போது 208 காலி லாரிகள். சங்கிலிச் சத்தம் ஜோலார்பேட்டை வரை கேட்டிருக்கும்.

ரயில் ஏன் இப்படி மிச்சம் பிடிக்கிறது என்பதற்குப் பெரிய ரகசியமில்லை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது ஏறக்குறைய அமுங்குவதே இல்லை. லாரியின் ரப்பர் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி நிமிர்கிறது. அந்த அமுங்கலில் போகும் சக்திதான் டயர் தொட்டால் சுடுவது. உருளும்போது வரும் தடையில் ரயில் சக்கரத்துக்கு லாரி டயரின் ஐந்தில் ஒரு பங்கு, சில நேரம் பத்தில் ஒரு பங்குதான். டன்லப் மாமா இதைக் கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார்.

கொரட்டூர் தாண்டி பட்டரவாக்கத்தில் இறங்கினேன். 1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் போனது இந்தத் தடத்தில்தான். தண்டவாளம் வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, 1964இல், அதை ஒட்டி அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. எஸ்டேட் என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். நடைமேடையில் நின்றால் ஒரு பக்கம் கூட்ஸ் வண்டி கடகடத்துப் போகிறது, மறுபக்கம் சிறு பட்டறைகளில் லேத் ஓடுகிறது. லேத்தில் கடைந்த உருப்படி அந்தக் கூட்ஸில் ஏறுவதில்லை. பக்கத்தில் தண்டவாளம் இருக்க, அது லாரியில் ஏறி, எஸ்டேட்டின் நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று, நெடுஞ்சாலைக்குப் போகிறது.

முன்பு ரயில்வேயில் ‘ஸ்மால்ஸ்’ என்று ஒரு வகை இருந்தது. பத்து மூட்டை, ஒரு பெட்டி, ஒரு மோட்டார் என்று யார் கொண்டுவந்தாலும் புக் பண்ணிக்கொள்வார்கள். வழியில் யார்டு யார்டாக வேகனைக் கழற்றி மாட்டி, சரக்கு போய்ச் சேர நாள் கணக்கில் ஆகும். 1980களில் ரயில்வே அந்தத் தொல்லையிலிருந்து விலகி, முழு ரேக்காக ஏற்றினால் ஏற்று என்று மாறிக்கொண்டது. ஒரு ரேக் என்றால் இரண்டாயிரம், மூவாயிரம் டன். நிலக்கரிக்கும் இரும்புத் தாதுவுக்கும் அரிசிக்கும் சிமெண்டுக்கும் அது சரி. அம்பத்தூரில் மாதம் நாற்பது டன் போல்ட் செய்கிறவர் என்ன செய்வார்? குறித்த மணி நேரத்துக்குள் ஏற்றாவிட்டால் டெமரேஜ் என்று அபராதம் வேறு. இங்கிருந்து கூட்ஸ் ஷெட்டுக்கு ஒரு லாரி, அங்கே இறங்கிய பிறகு இன்னொரு லாரி, நடுவில் இரண்டு தடவை கூலி. ஓசூருக்கு அனுப்புகிறவர் இந்த வம்புக்கே போக மாட்டார், போகவும் வேண்டாம். முந்நூறு கிலோமீட்டருக்கு லாரிதான் நியாயம். ஆனால் அதே போல்ட் டெல்லிக்கும் லாரியில்தான் போகிறது.

எஸ்டேட்டுக்குள் உருப்படிகளை ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் சென்றது ஒரு காலத்தில் மீன்பாடி வண்டி. அச்சு வளைந்த அந்த மூன்று சக்கர மிதிவண்டியில் கால் டன் இரும்பை ஏற்றி ஒரு மனிதர் நின்றுகொண்டே மிதிப்பார். கரியமில வாயு என்று பார்த்தால் அதைவிடச் சுத்தமான சரக்கு வண்டி கிடையாது. அந்த முழங்கால்களை நினைத்தால் அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறகு குட்டி யானை என்கிற டீசல் மினி லாரி வந்தது. இப்போது நடுநடுவே மின்சார மூன்று சக்கர வண்டி. கால்வனைஸிங் பட்டறை வாசலில் அப்படி ஒன்றை நிறுத்தியிருந்தவர் நாற்பது வயதுப் பெண்மணி. எவ்வளவு ஓடும் என்று கேட்டேன்.

“ஒரு சார்ஜுக்கு எண்பது, தொண்ணூறு. நம்ம எஸ்டேட்ட சுத்துறதுக்கு அது போதும் சார். ராத்திரி வீட்லயே சொருகிடுவேன்.”

“டீசல் வண்டிய விட லாபமாக்கா?”

“லாபம் இருக்கட்டும். முன்ன வண்டிய ஆஃப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆகாதுன்னு ஓடவிட்டுட்டே நிப்பேன். இப்ப நின்னா நின்னதுதான், செலவே இல்ல.”

புகையே இல்லை என்று அவர் சொன்னபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. புகை எண்ணூர்ப் பக்கம் போயிருக்கிறது, அவ்வளவுதான். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வருகிறது, பெரும்பகுதி நிலக்கரியால். இப்படிப்பட்ட வண்டி ஒரு யூனிட்டில் பத்து கிலோமீட்டர் போனாலும் கிலோமீட்டருக்கு 70 கிராம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ. லிட்டருக்குப் பதினெட்டு கொடுக்கும் குட்டி யானைக்குக் கிலோமீட்டருக்கு 150 கிராம். பாரம் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கும் என்பதைக் கழித்தாலும் மின்வண்டிக்கே வெற்றி. நின்றுகொண்டே எரிப்பதைச் சேர்த்தால் இன்னும் தூரம் விலகிப்போகும். எஸ்டேட்டில் ஓடுவதைவிட நிற்பதுதானே அதிகம்.

லாரி புக்கிங் ஆபீஸ் ஒன்றில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார். அவர் பிடித்துக்கொடுத்த இடம், ஓசூருக்குப் போகும் பன்னிரண்டு சக்கர வண்டி. ஓட்டுநருக்கு ராசிபுரம் பக்கம், ஐம்பதைத் தாண்டியவர். கிளீனர் இல்லை. இப்போது பெரும்பாலும் யாருக்கும் கிளீனர் இல்லை. எஸ்டேட்டில் இரண்டு கம்பெனிச் சரக்கு ஏற்றியாயிற்று, ஆவடியில் இன்னொன்று ஏற்ற வேண்டும். மூன்றும் சேர்ந்தால் இருபது டன்.

“பார்ட் லோடுங்க. ஒவ்வொருத்தரும் தனியா அனுப்புனா மூணு வண்டி அரையும் குறையுமா போகோணும். ஆபீஸ்காரரு சேத்து உடறாரு. நமக்கும் வாடகை நிக்குதுங்க.”

“அண்ணே, திரும்பி வர்றப்ப?”

அவர் சிரித்தார். “அதக் கேக்காதீங்க சார்.”

கேட்டேன். சென்னையிலிருந்து ஓசூருக்கு லோடு கிடைப்பது எளிது. அங்கிருந்து திரும்பக் கிடைப்பது அந்த நாளின் அதிர்ஷ்டம். ஒரு நாள் காத்திருப்பார். இரண்டாம் நாள் சாப்பாட்டுச் செலவும் ஓனரின் போனும் சேர்ந்து காலியாக விரட்டிவிடும். வாட்ஸ்அப்பில் நான்கு குழு வைத்திருக்கிறார். ‘ஓசூர் டு சென்னை 20 டன் தேவை’ என்று ஒரு செய்தி வந்தால் அதற்குக் கீழே பத்து லாரி எண்கள் விழுகின்றன. வாடகையும் விழுந்துவிடுகிறது.

திருமுல்லைவாயல் நெரிசலில் நின்றபோது கணக்குப் போட்டேன், அவர் சொன்ன மைலேஜை வைத்து. லோடோடு லிட்டருக்கு நான்கு, காலியாக ஆறு. முந்நூறு கிலோமீட்டருக்குப் போகும்போது 75 லிட்டர், இருநூறு கிலோ கரியமில வாயு. இருபது டன்னுக்குப் பிரித்தால் டன்னுக்குப் பத்து கிலோ. காலியாகத் திரும்பினால் இன்னொரு 50 லிட்டர், 135 கிலோ. அதையும் போன சரக்கின் தலையில்தான் எழுத வேண்டும். டன்னுக்குப் பதினேழு ஆகிறது. வரும்போதும் இருபது டன் இருந்தால் மறுபடி பத்து. எஞ்சினை மாற்றவில்லை, டயரை மாற்றவில்லை, பேட்டரி வாங்கவில்லை. ஓசூரில் எவரோ ஒருவர் சரியான நேரத்துக்கு ஒரு போன் போட்டால் நாற்பது விழுக்காடு குறைகிறது. புதிய எஞ்சின் எதுவும் ஒரே நாளில் இவ்வளவு கொடுத்து நான் படித்ததில்லை.

காகிதத்தைக் காட்டினேன். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். “இத ஓனர்கிட்ட காட்டிராதீங்க. காலியா வந்தா லிட்டருக்கு ஆறு எங்கடான்னு கேப்பாரு.”

ஆவடிக்குள் நுழையும்போது எனக்கு 1955 ஜனவரி நினைவுக்கு வரும், நான் பிறப்பதற்கு வெகு காலம் முந்திய ஜனவரிதான். காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஊர். அந்தக் காலத்தில் இந்தியாவின் சரக்கில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் ரயிலில் போனது. இன்று அது முப்பதுக்கும் கீழே. சாலை வளர்ந்தது, லாரி வளர்ந்தது, வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்கும் வசதி எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. 2030க்குள் 45 விழுக்காட்டை ரயிலுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று தேசிய ரயில் திட்டம் சொல்கிறது. ரயில் சுமக்கும் சரக்கில் ஏறக்குறைய பாதி நிலக்கரி என்பது அந்தக் கணக்கில் உறுத்தும் இடம். நாளை அனல் மின்நிலையங்கள் குறைந்தால் ரயிலின் மடியிலிருந்தே பாதிச் சரக்கு இறங்கிவிடும். அந்த இடத்தை அம்பத்தூர் போல்ட்டும் பூந்தமல்லி கோடவுன் பெட்டியும்தான் நிரப்ப வேண்டும். அவற்றைச் சுமக்கத்தான் ரயிலுக்குக் கை வராது.

கனரக ஊர்தித் தொழிற்சாலையின் நீள மதிலை ஒட்டிப் போனோம். 1965இல் விஜயந்தா டாங்கி வந்தது முதல் இங்கே செய்கிறார்கள். நாற்பது டன்னுக்கு மேல் எடையுள்ள டாங்கியைத் தொலைதூரம் அனுப்ப வேண்டுமென்றால் தட்டை வேகனில் ஏற்றி ரயிலில்தான் அனுப்புகிறார்கள். ஆவடியில் ஏற்ற வேண்டிய நான்கு டன் சரக்குக்கு நாங்கள் இரண்டே கால் மணி நேரம் நின்றோம். கேட் பாஸ் எழுதுகிறவர் சாப்பிடப் போயிருந்தார்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலை, பருத்திப்பட்டு ஏரி வரை மூச்சுவிடும். அதற்குப் பிறகு மறுபடி கடை, கல்யாண மண்டபம், கோடவுன். பழைய அரிசி மண்டிகள் இருந்த பக்கமெல்லாம் இப்போது நீலக்கூரைக் கிடங்குகள். நாம் போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் பெட்டி கிளம்புவது இங்கிருந்துதான். நாளைக்கே வர வேண்டும் என்று நாம் கேட்பதால் வண்டி நிறையும்வரை அவர்களால் காத்திருக்க முடிவதில்லை. ‘நாளை மறுநாள் வந்தால் போதும்’ என்பதை அழுத்துகிறவர்கள் எத்தனை பேரோ. நான் அழுத்தியதில்லை.

பூந்தமல்லி புறவழியில் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். எங்களுக்கு முன்னும் பின்னும் டிரெய்லர்கள், கண்டெய்னர் ஏற்றியவை. பகலில் கனரக வண்டிகளை நகருக்குள் விடுவதில்லை. துறைமுகம் போக வேண்டியவை பைபாஸ் பிடித்து, புழல், மாதவரம், மணலி என்று சுற்றி, திருவொற்றியூர் வழியாக ஜீரோ கேட்டை அடைய வேண்டும். அந்தக் கேட்டுக்கு முன்னால் கிலோமீட்டர் கணக்கில் வரிசை நின்ற வருடங்கள் உண்டு. வரிசையில் எஞ்சினை அணைக்க முடியாது, நகர நகர நகர்த்த வேண்டும். பெரிய வண்டி சும்மா உறுமிக்கொண்டு நின்றால் மணிக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் போகும்.

இதற்காகத்தான் துறைமுகம்-மதுரவாயல் பறக்கும் சாலை. 2009 ஜனவரியில் அடிக்கல். 2012இல் கூவத்தின் போக்குக்குத் தடை என்று வேலை நின்றது. அதன்பின் பத்து வருடம் கூவத்தின் கரையில் தலையில்லாத தூண்கள் நின்றதை மதுரவாயல் வழியாகப் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள், காக்கைகளுக்கு நல்ல இடம். 2022 மே 26ஆம் தேதி, ஏறக்குறைய இருபது கிலோமீட்டருக்கு, இரண்டடுக்காக மறுபடி அடிக்கல். மேலடுக்கு துறைமுக லாரிகளுக்கு. அதே நாள், அதே மேடையில் மப்பேடு பல்வகைப் போக்குவரத்துச் சரக்குப் பூங்காவுக்கும் அடிக்கல் வைத்தார்கள். லாரியை வேகமாக விடுவது ஒரு திட்டம், லாரியிலிருந்து இறக்கி ரயிலில் ஏற்றுவது இன்னொன்று. ஒரே கையில் இரண்டு கல். நிற்கும் வண்டி நகர்ந்தால் புகை குறையும், சந்தேகமில்லை. சாலை காலியாக இருக்கிறது என்று தெரிந்தால் இன்னும் ஆயிரம் லாரி வரும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

அண்ணன் இந்தக் காத்திருப்பு விஷயத்தில் என்னைவிட நம்பிக்கையுள்ளவர். 2017இல் ஜி.எஸ்.டி. வந்து எல்லைச் செக்போஸ்ட்டில் சீல் குத்துகிற வரிசை ஒழிந்ததையும், டோலில் ஃபாஸ்டேக் வந்ததையும் சொல்லி, “அந்த ராத்திரியெல்லாம் இப்ப வீட்ல படுக்கறனுங்க” என்றார். மின்சார லாரி பற்றிக் கேட்டேன். 2025 ஜூலையில் மத்திய அரசு பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய் வரை மானியம், ஏறக்குறைய 5,600 வண்டிகளுக்கு என்று அறிவித்திருக்கிறது.

“நல்ல வண்டியாத்தான் இருக்கும். சார்ஜ் ஏர்ற நேரத்துக்கு யாருங்க வாடகை குடுப்பாங்க?”

நான் வெளியே பார்த்தேன். டிரெய்லர்களுக்குக் கீழே, பின் ஆக்சிலின் நிழலில், ஓட்டுநர்கள் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காலை எட்டு மணியிலிருந்து நிற்கிறார்கள், இரவு வரை நிற்பார்கள். யாரும் வாடகை கொடுக்காத நேரம்தான் அதுவும். அந்தப் புறவழியோரம் பத்து சார்ஜிங் கம்பம் நட்டால் தூக்கத்தோடு தூக்கமாக வண்டியும் ஏற்றிக்கொள்ளும். அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “பாத்ரூமும் ஒண்ணு கட்டச் சொல்லுங்க” என்றார்.

தண்டலத்தில் இறங்கிக்கொண்டேன். அவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நேராகப் போனார், முனகிக்கொண்டே. பேரம்பாக்கம் பேருந்து மண்ணூரைத் தாண்டியதும் இரு பக்கமும் கம்பெனிகள் குறைந்து நெல் வயல் வந்தது. மப்பேடு சிங்கீஸ்வரர் கோயிலுக்கு மூல நட்சத்திரக்காரர்கள் வருவார்கள். அன்று எந்த நட்சத்திரமோ, பேருந்தில் ஐந்தாறு பேர்தான். சரக்குப் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் 184 ஏக்கர். இங்கிருந்து கடம்பத்தூர் ரயில் நிலையத்துக்கு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் தனித் தண்டவாளம் என்பது திட்டம். கிடங்கும் குளிர்சாதன அறையும் இருக்கும், ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பத்து கிலோமீட்டர்தான். பத்து பேரின் நாற்பது டன்னைச் சேர்த்து ஒரு கண்டெய்னர் வரிசையாக்க இடம் வேண்டும். நாற்பத்தைந்து வேகன் கொண்ட ஒரு கண்டெய்னர் ரயில் தொண்ணூறு இருபதடிப் பெட்டிகளைத் தூக்கும். லாரி புக்கிங் ஆபீஸ்காரர் மூன்று கம்பெனியைச் சேர்க்கிறாரே, அதே வேலைதான், பெரிதாக. அந்தச் சேர்க்கை நடக்காவிட்டால் 184 ஏக்கரில் லாரிக்கு இன்னொரு ஸ்டாண்ட் கிடைக்கும்.

கடம்பத்தூருக்கு ஷேர் ஆட்டோவில் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. நடைமேடையின் கோடியில் உட்கார்ந்தேன். ஒரு கண்டெய்னர் ரயில் நிற்காமல் போனது. எண்ணினேன், இருபத்திரண்டில் கணக்கு விட்டுப்போயிற்று. நடுவில் ஏழெட்டு வேகன் வெறும் தட்டாக, பெட்டியில்லாமல். ரயிலுக்கும் காலிச் சத்தம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது, அது கொஞ்சம் கனமாக, தாளத்தோடு வருகிறது.

சென்னையிலிருந்து வந்த மின்சார ரயிலின் வெண்டர் பெட்டியிலிருந்து நான்கு பெண்கள் இறங்கினார்கள். காலையில் கீரையும் கொய்யாவும் ஏற்றிக்கொண்டு போனவர்கள். சும்மாடு கழுத்தில் தொங்கியது. கூடைகள் காலியாக இல்லை. ஒருவர் கூடையில் பிளாஸ்டிக் குடம் ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு, இன்னொருவர் கூடை நிறைய வெங்காயம். வெங்காயக்காரர் கூடையை என் பக்கத்தில் இறக்கி மூச்சு வாங்கினார்.

“கோயம்பேட்டு வெங்காயமா?”

“ஆமாய்யா. போறப்ப கீரை, வர்றப்ப இது. வெறுங்கூடையத் தூக்கினு வந்தா டிரெயின் டிக்கெட்டு கட்டுப்படியாவுமா?” என்றவர், தூக்கிவிடச் சொன்னார். கனமாகத்தான் இருந்தது.